பெட்டி சொல்லும் ஒரு ரூபாய்

அத்தியாயம் 19

பிளக்கைப் பிடுங்கி மூன்று நாள் ஆகிவிட்டது. பெட்டி அலமாரி மூலையில், சூடம் டப்பாவுக்கும் கொசுவத்திக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு கிடந்தது. பூங்கோதைக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

காலை ஆலங்காயம் பஸ் வளைவில் திரும்பும்போது ஹாரன் அடித்தது. பால் பாத்திரத்தைத் தூக்கப்போன அவள் கை அப்படியே நின்றது. பஸ் கடையைத் தாண்டிப் போயிற்று. புழுதியும் அடங்கிற்று. பெட்டி பேசவில்லை. எப்படிப் பேசும்? அதன் ஒயர்தான் ஆணியில் சுருட்டித் தொங்குகிறதே.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வந்துவிடுவோம்.

ஜமுனாமரத்தூருக்குச் சற்று முன்னால், ரோட்டு வளைவில் இருக்கிறது ராஜாக்கண்ணுவின் கடை. டீ, போண்டா, மளிகை, மலைத்தேன், சாமை அரிசி எல்லாம் உண்டு. அவருக்கும் பூங்கோதைக்கும் மூத்தவள் கோகிலவாணி, கடைக்குச் சரக்கு கொண்டுவரும் வேன்காரன் பூபாலனைக் கட்டிக்கொண்டு ஆலங்காயத்துக்கு இறங்கிப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஊர்க்கூட்டம் கூடிற்று. இனி அந்தப் பெண்ணோடு பேச்சுவார்த்தை கிடையாது என்று அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் கோயில் வாசலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அன்றைக்குப் பிறகு அவள் பெயர் அந்த வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை.

போன தை மாதம் தம்பி ரஞ்சித்குமார் கடையில் ஸ்கேன் அட்டை ஒட்டினான், பேசும் பெட்டியையும் வாங்கி வைத்தான். ஊரில் இல்லாத ஒரு முறை அங்கே உண்டாயிற்று. கடைக்குள் போனுக்கு டவர் கிடைக்காது. எதிரே இருக்கிற மதகின்மேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். அதனால் சுற்றுலா வருகிறவர்கள் அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு மதகுக்குப் போய்ப் பணம் அனுப்புவார்கள். பெட்டியில் இருப்பது வேறு கம்பெனி சிம். அது கடைக்குள்ளிருந்தே "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கணீரென்று சொல்லும். பூங்கோதை மதகைப் பார்த்துக் கையை ஆட்டுவாள். அவர்கள் வண்டியேறிப் போய்விடுவார்கள். முகம் தெரியாமல் பணம் வருவது அந்தக் கடைக்குப் பழகிவிட்டது.

அப்படி ஒரு நாள் காலை பஸ் ஹாரனோடு சேர்ந்து, "ஒரு ரூபாய் பெறப்பட்டது" என்றது பெட்டி. மதகில் ஆள் இல்லை. மறுநாளும் அதே நேரம், அதே ஒரு ரூபாய். இதுக்குக் கிறுக்குப் புடிச்சிக்கிச்சு என்றார் ராஜாக்கண்ணு. ரஞ்சித் மட்டும் கொல்லைப்பக்கம் வந்து அம்மாவின் காதில் சொன்னான்.

"போன்ல பேரு வந்துச்சும்மா. அக்காதான்."

அட்டையின் படம் அவளுக்கு எப்படிப் போயிற்று என்று அவன் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. பேசக்கூடாது என்றுதானே சத்தியம். ஒரு ரூபாய் அனுப்பக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அன்றிலிருந்து காலை பஸ் வரும்வரை பூங்கோதைக்கு வேறு எதிலும் புத்தி போகாது. பெட்டி அந்த ஒரு ரூபாயைச் சொல்லிவிட்டால், பெண் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். அப்புறந்தான் அவளுக்கு டீயே இறங்கும்.

இப்போது அதற்கும் வினை வந்து சேர்ந்தது. போன வாரம் கூட்டமாக வந்த சிலர் தேனும் சாமையும் அள்ளிக்கொண்டு போனார்கள். பணம் வந்தது. பின்னாலேயே வங்கிக் கணக்கு முடங்கியது. எவனோ எங்கேயோ ஏமாற்றிச் சுருட்டிய பணமாம். கடைக் கணக்கில் பணம் வரும், ஆனால் எடுக்க முடியாது. சரக்கு வாங்க வழியில்லை. ராஜாக்கண்ணு பிளக்கைப் பிடுங்கினார். சாக்பீஸால் பலகையில் 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வாசலில் சாய்த்தார்.

பிடுங்கினது பிளக்கா, அவள் குரல்வளையா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

---

அன்று திங்கட்கிழமை. கடனுக்குச் சரக்கு கேட்டுப் பார்க்க ரஞ்சித் விடிந்ததுமே செங்கத்துக்குப் புறப்பட்டுவிட்டான். புறப்படும்போதும் அப்பனுக்கும் பிள்ளைக்கும் முட்டிக்கொண்டது. ஒருத்தன் பண்ண தப்புக்குப் பெட்டியையே நிறுத்தினா வியாபாரம் எப்படி ஓடும் என்று இவன் கேட்க, பெட்டி இல்லாமலேதான் உன்னைப் படிக்க வெச்சேன் என்று அவர் சொல்ல, பூங்கோதை இருவருக்கும் நடுவில் இட்லித் தட்டை வைத்துவிட்டு நகர்ந்தாள். சமாதானம் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

காலை வியாபாரம் எப்படி நடந்தது என்று கேட்கவே வேண்டாம். காரில் வந்த நாலு பேர் டீயும் போண்டாவும் தின்றுவிட்டு, காசு இல்லை, போன்தான் இருக்கிறது என்று கையை விரித்தார்கள். ஏ.டி.எம். எங்கே என்று கேட்டார்கள். அது காலியாகி எத்தனை நாளோ. கடைசியில் கார் சீட்டுக்கு அடியில் துழாவிச் சில்லறையாகப் பொறுக்கிக் கொடுத்தார்கள். அடுத்து வந்தவர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். மீதி கொடுக்க இங்கே சில்லறை இல்லை. டீ குடிக்காமலே போய்விட்டார்.

சாமை கொண்டுவந்த ஒரு மலைக்காரப் பெண்ணுக்கு மட்டும் பலகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் ரஞ்சித் பணத்தைப் புருஷன் கணக்கில் போட்டுவிடுவான். அது வீடு வந்து சேர்வதில்லை.

"கையில குடுத்தா என்னுது அக்கா. போன்ல போட்டா அவருது" என்று நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதுவும் நியாயந்தான் என்று தோன்றியது பூங்கோதைக்கு. யாருக்கு எது தோதோ அது. தனக்கு எது தோது என்று கேட்கத்தான் உலகத்தில் ஆள் இல்லை.

டீ ஆறுவதற்குள் ராஜாக்கண்ணு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"பேங்குக்குப் போவணும். நீயும் வா. அந்தப் பணம் எதுக்கு வந்துச்சு, இதெதுக்கு வந்துச்சுன்னு கேப்பாங்களாம். எனக்கு ஞாபகம் இருக்காது."

பூங்கோதை டீ வடிகட்டியைக் கீழே வைத்தாள். எது எதற்கு வந்தது என்று கேட்பார்களா? அப்படியென்றால் அந்த ஒரு ரூபாயையும் கேட்பார்களே. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். வழி நெடுக இருவரும் பேசவில்லை. பேசாமல் போவது அவர்களுக்கு ஒன்றும் புதிதில்லை.

---

வங்கியில் நூறு நாள் வேலைக் கூலி எடுக்க வந்த கூட்டம். நின்று நின்று பூங்கோதைக்குக் கால் வீங்கிவிட்டது. ஒருவழியாக உள்ளே கூப்பிட்டார்கள். மலைக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி கீதாஞ்சலி சின்னப் பெண்தான். உட்காரச் சொல்லி, நிதானமாகத்தான் பேசினாள். தேன் வாங்கிய ஆள் பேரில் வேறு ஊரில் புகார் ஆகியிருக்கிறது, அவன் பணம் போன கணக்கையெல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நீங்கள் பொருளுக்குத்தான் பணம் வாங்கினீர்கள் என்று எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்பித் திறக்கச் சொல்லலாம் என்றாள்.

"நான் தேனு குடுத்தேன், அவன் காசு குடுத்தான். அது எங்கேருந்து வந்துச்சுன்னு நான் எப்படிம்மா கேக்கறது?" என்றார் ராஜாக்கண்ணு. கோபமாகச் சொல்லவில்லை. ஓய்ந்துபோய்த்தான் சொன்னார்.

"உங்க மேல தப்பில்லைங்க ஐயா. இருந்தாலும் கேட்டுத்தான் ஆகணும்."

ஒவ்வொன்றாகக் கேட்டாள். பூங்கோதை சொல்லிக்கொண்டே வந்தாள். இது தேன், இது சாமை, இது பஸ் பழுதாகி நின்ற அன்றைக்கு எல்லோரும் தின்ற போண்டா. நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கீதாஞ்சலி திரையைக் கூர்ந்து பார்த்தாள்.

"இது என்னங்க? தினமும் காலையில ஒரு ரூபாய். ஒரே ஆள்கிட்டேருந்து."

பூங்கோதை தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"ஏமாத்தறவங்க இப்படித்தான் முதல்ல ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பாங்க. மேலிடத்துல கண்டிப்பா கேப்பாங்க. கோகிலவாணின்னு பேர் இருக்கு. தெரிஞ்சவங்களா?"

எத்தனை நாள் கழித்து அந்தப் பெயர். அதுவும் முன்பின் தெரியாத ஒரு பெண் வாயிலிருந்து, காகிதக் கட்டுகளுக்கும் மின்விசிறிச் சத்தத்துக்கும் நடுவில். பூங்கோதைக்குக் கண் கலங்கியது. ராஜாக்கண்ணு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் விரல் நகம் வெளுத்துப்போயிருந்தது.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க ஐயா. அந்த நம்பர்லேருந்து இனிமே எதுவும் வராம தடுக்கச் சொல்லி நானே எழுதிடறேன். உங்களுக்கும் நல்லது."

இவர் தெரியாது என்றுதான் சொல்வார். ஊரே கேட்கச் சொன்னவர்தானே, எனக்கு ஒரே பிள்ளை என்று. சொன்ன மறுநிமிஷம் அந்த ஒரு ரூபாயும் நின்றுவிடும். அதற்கப்புறம் பெண் இருக்கிறாளா, சாப்பிட்டாளா, எதுவும் தெரியப்போவதில்லை. சத்தியமாவது ஒன்றாவது, நானே வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன் என்று பூங்கோதை நிமிர்ந்தாள்.

"தெரியும்மா" என்றார் ராஜாக்கண்ணு.

பூங்கோதை அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாருங்க?"

"வாடிக்கை."

"ஒரு ரூபாய்க்கு வாடிக்கையா? அப்படி என்னங்க வாங்குவாங்க?"

"கடலை மிட்டாய்." அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காலேஜ் போக ஆலங்காயம் பஸ்ஸுக்கு நிக்கும்போது பாட்டில்லேருந்து ஒண்ணு எடுத்துக்கும். காசு எங்கன்னு கேட்டா, அப்புறம் தர்றேன்னு சொல்லிட்டு ஓடிப்போய் ஏறிக்கும். தெனம் இதே பேச்சுதான். அதான் இப்போ தந்துகினு கீது."

கீதாஞ்சலிக்கு எவ்வளவு புரிந்ததோ. அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், பழைய வாடிக்கை என்று தட்டி முடித்தாள்.

பூங்கோதைக்கு இந்த மிட்டாய்க் கதை தெரியாது. அந்தக் காலத்தில் காலையில் கடையில் உட்கார்வது அவர்தான். அவள் வீட்டில் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். பெண்ணின் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது, அந்த ஒரு ரூபாய் எதற்கு என்று தெரிந்திருக்கவில்லை. அவரிடம் யாரும் பெயரைச் சொல்லவில்லை. அவருக்கு மிட்டாய் தெரிந்திருந்தது. இத்தனை மாசம் ஒரே கூரையின் கீழ் ஒரே குரலைக் கேட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கமாக ஊமை வேஷம் போட்டிருக்கிறார்கள்.

காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எழுந்தவர்களைக் கீதாஞ்சலி மறுபடி நிறுத்தினாள்.

"இன்னிக்குக் காலையில கூட வந்திருக்குங்க ஐயா. ஆனா இன்னிக்கு ஒரு ரூபாய் இல்ல. ரெண்டு."

---

திரும்பும்போது ஆட்டோ கிடைக்கவில்லை. வெயிலில் நடந்தே வந்தார்கள். பாதி தூரம்வரை பூங்கோதை பொறுத்துப் பார்த்தாள். அதற்குமேல் முடியவில்லை.

"உங்களுக்கு யாரு சொன்னது, அவதான்னு?"

"யாரு சொல்லணும்? ஆலங்காயம் பஸ் ஹாரன் அடிக்கறப்போ ஒரு ரூபா வருது. வேற யாரு குடுப்பா?"

"அப்புறம் எதுக்குப் பிளக்கைப் புடுங்கினீங்க? மூணு நாளா நான் செத்துக்கினு கீறேன்."

அவர் நின்றார். புளியமரத்து நிழலில் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்தது வியர்வையைத்தானா என்று அவள் கேட்கவில்லை.

"கணக்கு நின்னுபோனது ஒரு சாக்கு. என்னால கேட்டுகினு உக்கார முடியல பூங்கோத. அது தெனம் கூப்புடுது. பதில் சொல்ல எனக்கு வாயில்ல. அந்த வாயாலதான் சத்தியம் பண்ணிட்டேன்."

இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தாவது அழுதிருக்கலாம். அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபப்படவும் அலுப்பாக இருந்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இன்னிக்கு ரெண்டு மிட்டாய்க்குக் காசு வந்திருக்குது. ஒண்ணு அவளுக்கு. இன்னொண்ணு யாருக்குன்னு..."

"தெரியுது" என்றார் அவர்.

குரல் உடைந்துபோயிருந்தது. எப்போதும் நாலு அடி முன்னால் போகிற மனிதர் அன்றைக்கு அவளோடு கூடவே நடந்து வந்தார்.

பிள்ளை உண்டாகியிருக்கிற பெண். மாமியார் பார்த்துக்கொள்கிறாளா, வாந்தி கீந்தி உண்டா, புளிப்புக்கு எதையாவது கேட்கிறாளா? மலையில் விளைகிற புளியெல்லாம் இறங்கி எங்கெங்கோ போகிறது. தன் பெண்ணுக்கு ஒரு உருண்டை கொடுத்தனுப்ப வழியில்லை. நினைக்க நினைக்கப் பூங்கோதைக்கு ஆற்றாமையாக வந்தது. கூடவே, எங்கோ ஒரு மூலையில், சந்தோஷமாகவும் இருந்தது.

---

அவர்கள் கடையைத் திறந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ரஞ்சித் செங்கத்திலிருந்து வந்துவிட்டான். வெறுங்கைதான். பழைய பாக்கியைக் கட்டினால்தான் புதுச் சரக்கு என்று சொல்லிவிட்டார்களாம். பையை மூலையில் வீசிவிட்டுத் தண்ணீரை மடமடவென்று குடித்தான். பெட்டி இன்னும் பிளக் இல்லாமல் இருப்பதைப் பார்த்ததும் முகம் இன்னும் சுருங்கியது.

"ரஞ்சித்து, உன் கணக்குல காசு இருக்குதா?" என்றார் ராஜாக்கண்ணு.

"எவ்ளோ?"

"ரெண்டு ரூபா. காலைல ஆலங்காயத்துலேருந்து வந்த ரெண்டு ரூபா. அதைத் திருப்பி அனுப்பு."

ரஞ்சித் அம்மாவைப் பார்த்தான். அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கண் கேட்டது. அவள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவர்கள் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

"இந்தக் கடையில இனிமே ரொக்கந்தான். மிட்டாய் வேணும்னா நேர்ல வந்து, என் கையில காசு குடுத்து எடுத்துக்கட்டும். பேசறதில்லன்னுதான் சத்தியம் பண்ணேன். கடைக்கு வந்தா சரக்கு குடுக்கறதில்லன்னு பண்ணல. ஊரு கேட்டா நான் சொல்லிக்கறேன்."

இந்த மனுஷனையா இத்தனை நாள் கல் என்று நினைத்தோம்? பூங்கோதை முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டு அழுதாள். ரஞ்சித் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு மதகைப் பார்த்து ஓடினான்.

ராஜாக்கண்ணு பாட்டிலைத் திறந்தார். இரண்டு கடலை மிட்டாயை எடுத்து, உடையாததாகப் பார்த்துத் தேர்ந்து, ஒரு காகிதத்தில் வைத்து மடித்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவு வேலையையும் அவர் நிதானமாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்ற பூங்கோதைக்கு, மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போதுதான் அது சுருக்கென்று தைத்தது.

இவர் பேசியது இந்தக் கடைக்குள். அங்கே அவளுக்குப் போய்ச் சேரப்போவது என்ன?

வெறும் இரண்டு ரூபாய். அவள் அனுப்பினது அவளுக்கே திரும்பி வரும். பிள்ளை உண்டாகியிருக்கிறேன் என்று பெற்றவர்களுக்குச் சொல்லியனுப்பிய அன்றைக்கே. உன் காசும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்றல்லாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

செருப்பைக்கூடப் போடாமல் பூங்கோதை ரோட்டைக் கடந்தாள். எதிரே வந்த வண்டி அவளுக்காகப் பிரேக் போட்டுத் திட்டிவிட்டுப் போயிற்று. மதகின்மேல் ரஞ்சித் போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டேய், அனுப்பாத. கூட ரெண்டு வார்த்தை எழுதலாமில்ல? வரச் சொல்லி எழுதுடா. சத்தியம் போனா போவுது, பாவம் எனக்கே வரட்டும்."

"அனுப்பிட்டேனேம்மா."

"இன்னொரு தபா போடு. எழுதிப் போடு."

அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. அவசர அவசரமாக எழுதி அழுத்தினான். பார்த்தான். மறுபடி அழுத்தினான். போனைத் தட்டினான், மதகின் அந்த முனைக்குப் போய் நின்று பார்த்தான். வளைவில் ஒரு லாரி முனகிக்கொண்டு ஏறிற்று. அது கடந்துபோகும்வரை அவன் தலை நிமிரவில்லை.

"போகலம்மா" என்றான். "டவரெல்லாம் நல்லா கீது. காசு திரும்பினதைப் பாத்ததும் அக்காதான் என்னை பிளாக் பண்ணிட்டா."

அப்பன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது அவளிடம். பூங்கோதை மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடையிலிருந்து ராஜாக்கண்ணு எட்டிப் பார்த்தார். பலகையை நிமிர்த்தி வைத்துவிட்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு மதகைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"இன்னாடா, போய்ச் சேந்துச்சா?"

பெட்டி சொன்னதும் மதகைப் பார்த்து ஆட்டுகிற கை பூங்கோதையின் கை. இப்போது அவள் மதகில் இருந்தாள், அவர் கடையில் காத்திருந்தார். அந்தக் கையை அவளால் தூக்க முடியவில்லை.